இது எந்த ஊர்ப் பச்சை?

சோழவந்தான் பக்கம், வாய்க்காலை ஒட்டிய ஒரு வயலை வரைந்து முடித்து மேசை மேல் காயப் போட்டிருந்தேன். அப்பா காப்பி டம்ளரோடு வந்து நின்று பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், இறக்கினார். "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இது எந்த ஊர்ப் பச்சை?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் டி.வி. பார்க்கப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அப்போது நான் வாட்டர்கலர் தொடங்கி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. 41 வயதில், அலுவலகத்துக்கும் பிள்ளையின் டியூஷனுக்கும் நடுவே பிடித்துக்கொண்ட பழக்கம். அந்தத் தீபாவளிக்குப் புடவை வேண்டாம் என்று சொல்லி, அந்தக் காசில் 36 டியூப் கொண்ட பெட்டி ஒன்று வாங்கியிருந்தேன். அதில் பச்சை மட்டும் ஏழு. வயலுக்கு அந்த ஏழில் ஐந்தைப் போட்டிருந்தேன். அப்பா போன பிறகு படத்தை எட்ட வைத்துப் பார்த்தேன். வரப்பு, தென்னை, தூரத்துத் தோப்பு எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருந்தன. ஆனால் வயல் பிளாஸ்டிக் வாளி நிறத்தில் இருந்தது. தென்னை, மளிகைக்கடைக் காலண்டரில் வரும் சுவிட்சர்லாந்து மரம் போல இருந்தது. சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு, நெல் உண்டு, வாழை உண்டு; இந்தப் பச்சை மட்டும் கிடையாது.

அப்பா விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் 34 வருஷம் சேலைப் பிரிவில் நின்றவர். ஓவியம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நிறம் பற்றித் தெரியும். அரக்கு, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ, வெங்காயத்தோல், மாந்தளிர், பாசிப்பச்சை, கிளிப்பச்சை, எம்.எஸ். ப்ளூ என்று அவர் வாயில் புழங்கும் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பொருளோ ஒரு ஆளோ நிற்பார்கள். வெறும் 'பச்சை' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் நிறத்துக்கு உத்தரவாதம் தரமாட்டார். "வாசலுக்கு எடுத்துட்டுப் போய் வெயில்ல வச்சுப் பாருங்கம்மா" என்பார். சேலையைத் தொட்டுப் பார்க்கும் அம்மாக்கள் விலைக்கும் முன்னால் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சாயம் போகுமா?"

இந்த இரண்டு விஷயத்தையும், அதாவது வெயிலில் வைத்துப் பார்ப்பதையும் சாயம் போகுமா என்று கேட்பதையும், சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த எனக்கு, வண்ண டியூபிடம் அதையே கேட்க வேண்டும் என்று உறைக்க இரண்டு வருஷம் ஆயிற்று.

முதலில் டியூபைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். முன்பக்கம் இருப்பது பெயர், கடைக்காரர் வைத்தது. பின்பக்கம், பொடி எழுத்தில், பிபி 29, பிஒய் 150, பிஆர் 83 என்று ஏதாவது இருக்கும். அதுதான் உள்ளே இருக்கும் நிறமியின் உண்மையான அடையாளம். முதல் 'பி' (P) பிக்மென்ட், அதாவது நிறமி. அடுத்தது நிறக் குடும்பம்: பி (B) என்றால் நீலம், ஒய் மஞ்சள், ஆர் சிவப்பு, ஜி பச்சை, வி ஊதா, முதல் 'பி'க்கு அடுத்து Br என்று இரண்டெழுத்து வந்தால் பழுப்பு. எண் வரிசை எண். உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் பிபி 29 என்றால் அல்ட்ராமெரின் நீலம்தான். பெயர் அப்படி இல்லை. ஒரு கம்பெனியின் சாப் கிரீனும் இன்னொரு கம்பெனியின் சாப் கிரீனும் அண்ணன் தம்பிகூட அல்ல, வெறும் ஒரே பெயர்க்காரர்கள்.

என் பெட்டியின் ஏழு பச்சைகளையும் வரிசையாகக் கவிழ்த்து வைத்துப் பார்த்தேன். ஏழில் ஆறு கலவை. பெரும்பாலானவற்றில் அடிப்படை ஒரே நிறமி: பிஜி 7, தாலோ கிரீன். அதோடு கொஞ்சம் மஞ்சள் சேர்த்தால் ஒரு பெயர், கொஞ்சம் கறுப்பு சேர்த்தால் இன்னொரு பெயர். நான் ஏழு டியூபுக்குக் காசு கொடுத்து ஒரு பச்சையை ஏழு தடவை வாங்கியிருக்கிறேன்! சிலவற்றில் மூன்று நிறமிகள். அப்படிப்பட்ட இரண்டைக் கலந்தால் கிண்ணத்தில் ஐந்தாறு நிறமிகள் அடித்துக்கொள்ளும். நான் 'சேறு' என்று புலம்பியதற்கெல்லாம் காரணம் என் கையில்லை, அல்லது கை மட்டும் இல்லை.

பெயர்களின் கதை தனி. சாப் கிரீன் ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பக்தார்ன் என்ற புதரின் பழச்சாற்றைக் காய்ச்சி எடுத்தது, வெயிலில் நிற்காது. ஹூக்கர்ஸ் கிரீன் என்பது வில்லியம் ஹூக்கர் என்ற தாவர ஓவியர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலை வரைய வசதியாகப் பிரஷ்யன் நீலத்தையும் கம்போஜ் மஞ்சளையும் கலந்து வைத்துக்கொண்டது. அவர் ஊர் இலைக்கு அவர் கலந்துகொண்டார். அதை டியூபில் அடைத்து என்னிடம் விற்றால், அதைக்கொண்டு நான் சோழவந்தானை வரைகிறேன். அப்பாவின் கேள்வி எவ்வளவு நேரடியான கேள்வி என்று அப்போதுதான் புரிந்தது.

இண்டிகோ இன்னும் வேடிக்கை. கடலூர், விழுப்புரம் பக்கம் இன்றும் அவுரி பயிரிட்டுத் தொட்டியில் ஊறவைத்து நீலம் எடுக்கிறார்கள். உலகத்துக்கே நீலம் விற்ற மண் இது. ஆனால் ஓவியக்கடையில் இண்டிகோ என்று எழுதிய டியூபைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் தாலோ நீலமும் கறுப்பும், சிலதில் துளி ஊதாவும் இருக்கும். அவுரி ஒரு இலைகூட இருக்காது. இதில் மோசடி ஒன்றும் இல்லை. அசல் அவுரி நீலத்தைவிட இந்தக் கலவை வெளிச்சத்தில் அதிக நாள் நிற்கும். ஆனாலும் பெயரை நம்பி வாங்கியவளுக்கு முகம் கொஞ்சம் சுண்டத்தான் செய்தது.

சரி, பச்சைக்கு வருவோம். ஏழு டியூபையும் எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டு, மூன்று மாதம் பச்சையே இல்லாமல் வரைவது என்று முடிவெடுத்தேன். கையில் இரண்டு நீலம்: அல்ட்ராமெரின், தாலோ. இரண்டு மஞ்சள்: ஒரு எலுமிச்சை மஞ்சள், ஒரு ரா சியன்னா, அதாவது காவி மண்ணின் மஞ்சள் தங்கை. அப்புறம் பர்ன்ட் சியன்னா. அவ்வளவுதான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் 'நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை' என்று சொல்லி முடித்துவிட்டார்கள். எந்த நீலம், எந்த மஞ்சள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அல்ட்ராமெரினுக்குள் ஒரு சிவப்புச் சாய்வு ஒளிந்திருக்கிறது. அது மஞ்சளோடு சேர்ந்தால் அந்தச் சிவப்பு பச்சையின் கூர்மையை மழுங்கடிக்கும், அடங்கிய, புழுதி படிந்த பச்சை வரும். தாலோ நீலம் ஏற்கெனவே பச்சைப் பக்கம் சாய்ந்தது. எலுமிச்சை மஞ்சளோடு சேர்ந்தால் கத்திபோலப் பளிச்சென்று வெட்டும். முன்னதை நான் ரொம்ப நாள் தோல்வி என்று நினைத்துக் கொட்டியிருக்கிறேன். அதுதான் பனைமரத்தின் பச்சை என்று தெரியாமல்!

ஆம், பனை ஓலை உண்மையில் சாம்பலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அல்ட்ராமெரினும் ரா சியன்னாவும் சேர்த்து, நீர் அதிகம் விட்டுப் பூசினால் அப்படியே வந்து நிற்கும். நாற்றங்கால் நேர் எதிர். அங்கே எலுமிச்சை மஞ்சளைக் கிண்ணம் நிறையக் கரைத்து, குண்டூசி முனையளவு தாலோ நீலம் தொட வேண்டும். குண்டூசி முனையளவு என்றால் நிஜமாகவே அவ்வளவுதான். தாலோவுக்கு அடங்கத் தெரியாது. நட்டு ஒரு மாதம் ஆன வயலுக்கு நீலம் இன்னும் கொஞ்சம். கதிர் வந்து பழுக்கும்போது ரா சியன்னா மெல்ல உள்ளே வரும். வேம்புக்குத் தாலோவோடு பர்ன்ட் சியன்னா சேர்த்து இருட்ட வேண்டும். மாந்தளிரில் பச்சையே கிடையாது. செம்பு நிறம். நம் பழைய பாட்டுக்களில் பெண்ணின் மேனிக்கு மாந்தளிரைச் சொன்னவர்கள் அதை நன்றாகப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் மாமரம் என்றாலே பச்சை டியூபைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன்.

வாழையில் மாட்டிக்கொண்டேன். எவ்வளவு கலந்தும் வாழை இலை வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொல்லைப்பக்கம் ஒரு வாழை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வரையாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வெயில் இலைக்குப் பின்னாலிருந்து வந்தால் இலை விளக்குப் போல மஞ்சள் பச்சையாக எரிகிறது. அதே இலை மடிந்து மேல்புறம் வானத்தைப் பார்க்கும் இடத்தில் பச்சையே இல்லை, வெளிறிய நீலம், ஏறக்குறைய வெள்ளை. தென்னங்கீற்றின் பளபளப்பும் அப்படித்தான், அது வானத்தின் நிறம். ஒரே இலையில் இரண்டு நிறம். இரண்டையும் ஒரு பச்சையால் பூச முயன்றதுதான் என் பிரச்சினை. அன்றைக்குப் பிறகு பளபளக்கும் இடங்களில் காகிதத்தை வெறுமையாக விட்டு, மேலே லேசாக ஒரு நீலத் தண்ணீர் மட்டும் ஓட்டுகிறேன். சாலையோரத்து மரமாக இருந்தால் அந்த நீலமும் வேண்டாம். சித்திரை மாதத்தில் நான்குவழிச் சாலைப் புளியமரத்தின் இலை மேல் வானம் தெரியாது, லாரிப் புழுதிதான் தெரியும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். "மயில்கழுத்து சேலை மாதிரி" என்றார். பாவில் நீலநூல், ஊடையில் பச்சைநூல். தறியில் இரண்டும் கலக்காமல் பக்கம் பக்கமாகவே இருக்கும். மடிப்பு அசையும்போது கண்ணில்தான் கலக்கும். "சாயத்தொட்டியில ரெண்டையும் ஒண்ணாக் கொட்டி நனைச்சா மயில்கழுத்து வருமா? ஒரு கலர்தான் வரும், அதுவும் செத்துப்போயி." அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டார். பல மாதமாக நான் யூடியூபில் பார்த்துப் புரியாமல் இருந்த பாடம் அது. நீலத்தையும் மஞ்சளையும் கிண்ணத்தில் ஒரே சீராகக் குழைத்துப் பூசுவதை விட்டுவிட்டு, ஈரக் காகிதத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விட்டு அவையே போய்த் தொட்டுக்கொள்ள விடத் தொடங்கினேன். பாதி கலந்தும் கலக்காமலும் உலர்ந்த தோப்பு, முதல் தடவையாகத் தோப்பு மாதிரி இருந்தது.

தாலோ நீலத்தின் மேல் எனக்கு ஒரு பயமும் மரியாதையும் உண்டு. 1928இல் ஸ்காட்லாந்தில் கிரேஞ்ச்மவுத் என்ற ஊர்ச் சாயத் தொழிற்சாலையில், வேறு ஏதோ தயாரிக்கும்போது கொப்பரையின் உட்பூச்சு விரிசல் விட்டு, இரும்பு கலந்துபோய் எதிர்பாராமல் நீலமாக ஒன்று படிந்தது. இரும்புக்குப் பதில் செம்பு சேர்ந்த அதன் சேர்மம்தான் 1935இல் விற்பனைக்கு வந்த தாலோசயனைன் நீலம். அதன் மூலக்கூறு வளையம் இலையின் பச்சையத்துக்கும் நம் ரத்தச் சிவப்புக்கும் சொந்தக்கார அமைப்பு. அச்சு மை, பிளாஸ்டிக், கார் பெயின்ட் என்று எங்கும் இருப்பது இதுதான். ஓவியர்கள் வாங்குவது அந்தக் கடலில் ஒரு சொட்டு. காகித இழைக்குள் புகுந்துவிட்டால் தேய்த்தாலும் வராது. வைகைக்கு மேலே ஒரு சாயங்கால வானத்தில் பிரஷ் நுனியிலிருந்து ஒரு துளி விழுந்து, நான் துணியால் ஒற்றி, ஒற்றிய இடமெல்லாம் பரவி, கடைசியில் அங்கே ஒரு மழை மேகம் வைக்க வேண்டியதாயிற்று. அந்தப் படத்தைப் பார்த்த எல்லாரும் மேகத்தைப் பாராட்டினார்கள்.

அல்ட்ராமெரின் நேர்மாறான ஆள். அது தண்ணீரில் பொடியாக மிதந்து, காகிதத்தின் குழிகளில் போய்த் தங்கும். உலர்ந்தபின் மணல் தூவியது போல இருக்கும். பிடிக்காவிட்டால் ஈரத் தூரிகையால் ஓரளவு எடுத்துவிடலாம். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானின் பதக்ஷான் மலையிலிருந்து வந்த கல்லை இடித்து எடுத்த நிறம், ஐரோப்பாவில் தங்கத்தின் பக்கத்தில் வைத்து விலை பேசப்பட்டது. 1824இல் பிரான்சில் இதைச் செயற்கையாகச் செய்பவருக்கு 6,000 பிராங்க் பரிசு அறிவித்தார்கள். 1828இல் கிமே என்பவர் வாங்கினார். நம் வீட்டு முதல் அல்ட்ராமெரின் எது தெரியுமா? அந்தக் காலத்து நீலப்பொடி! வெள்ளை வேட்டிக்குப் போட்டதும், பொங்கலுக்கு முன்னால் வாளிச் சுண்ணாம்பில் ஒரு பொட்டலம் கரைத்துச் சுவருக்கு அடித்ததும் இதே பொருள்தான். இன்றைய சொட்டு நீலம் வேறு, அது தண்ணீரில் கரையும் சாயம். சுண்ணாம்பின் காரத்தை அல்ட்ராமெரின் தாங்கும், அமிலம்தான் ஆகாது. பிரஷ்யன் நீலத்தைச் சுண்ணாம்பில் போட்டிருந்தால் கொஞ்ச நாளில் சுவர் துருப்பிடித்த நிறத்துக்குப் போயிருக்கும். பாட்டி இதையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, பொட்டலத்தை வாங்கிக் கரைத்தாள்.

சுண்ணாம்பு அடித்த சுவரின் நிழலை வரைய அதே அல்ட்ராமெரினோடு பர்ன்ட் சியன்னா போதும். நீலம் கூடினால் காலை நிழல், பழுப்பு கூடினால் வெயில் எதிரொளிக்கும் மத்தியான நிழல். கெட்டியாகக் குழைத்தால் ஏறக்குறைய கறுப்பே வந்துவிடும், அதனால் கறுப்பு டியூப் ஒன்று என்னிடம் திறக்காமலேயே கெட்டிப்பட்டுப் போனது. பர்ன்ட் சியன்னா வேறொன்றும் இல்லை, மஞ்சள் மண்ணை வறுத்தது. சூட்டில் மண்ணிலிருக்கும் இரும்புச் சேர்மம் தன் நீரை இழந்து சிவக்கிறது. மானாமதுரைச் சூளையில் பானை சிவப்பதிலும் இதே இரும்புக்குப் பங்கு உண்டு. இத்தாலியில் சியன்னா என்ற ஊர் மண்ணுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது, நம் காவிக்கல்லுக்கு அந்த யோகம் இல்லை.

இனி சாயம் போகுமா என்ற கேள்வி.

என் பெட்டியில் எனக்கு ரொம்பப் பிடித்தது இரண்டு சிவப்பு. ஒன்று அலிசரின் கிரிம்சன், ஆழ்ந்த அரக்குச் சிவப்பு. இன்னொன்று கண்ணைப் பறிக்கும் ஒரு பிங்க், போகன்வில்லாவுக்கு அதை விட்டால் ஆள் இல்லை. அந்தப் பிங்க்கால் வரைந்த ஒரு போகன்வில்லாப் படத்தைச் சட்டம் போட்டு என் தோழியின் புதுவீட்டுக்குக் கொடுத்தேன். ஹாலில் ஜன்னலுக்கு எதிரே மாட்டினாள். ஒரு வருஷம் கழித்துப் போனபோது, வெள்ளைப் பூப் பூத்த கொடியாக மாறியிருந்தது. அவள் நாசூக்காக ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, அப்பாவின் வழியில் இறங்கினேன். எல்லா டியூபிலிருந்தும் ஒவ்வொரு பட்டை, நீளமான காகிதத்தில். நடுவே கறுப்பு அட்டையை ஒட்டிப் பாதியை மூடி, மேற்குப் பார்த்த ஜன்னலில் கண்ணாடியோடு ஒட்டினேன். பங்குனியில் வைத்தது, ஆடி முடிந்து எடுத்தேன். மதுரை வெயில் யாருக்கும் தயவு காட்டாது. அட்டையைப் பிரித்தபோது அல்ட்ராமெரின், தாலோ, மண் நிறங்கள் எல்லாம் வைத்தது வைத்தபடி. பிங்க்கின் திறந்த பாதி இருந்த இடம் தெரியவில்லை. அலிசரின் கிரிம்சன் பாதிக்குப் பாதி வெளிறி, வெற்றிலைச்சாறு காய்ந்த கறை போல இருந்தது. 36இல் 6 நிறங்களை அன்றைக்கே தூக்கி ஓரம் வைத்தேன். டியூபின் பின்னால் சில கம்பெனிகள் நட்சத்திரமோ ரோமன் எண்ணோ போட்டு இதைச் சொல்லத்தான் செய்கின்றன. ஆனால் கண்ணால் பார்த்தது போல உறைப்பதில்லை. இங்கிலாந்தில் ரஸ்ஸல், ஆப்னி என்ற இருவர் 1888லேயே நீர்வண்ணங்களை வெயிலில் வைத்துப் பார்த்து அரசுக்கு அறிக்கை கொடுத்துவிட்டார்கள். நான் 130 வருஷம் தாமதம்.

அலிசரின் விஷயத்தில் எனக்கு ஒரு தனி வருத்தம். அது மஞ்சிட்டி வகை வேர்களில் இருக்கும் சிவப்பு. நம் சோழமண்டலக் கரையில் இம்பூறல் என்ற சின்னச் செடி உண்டு, மணற்பாங்கான நிலத்தில் தரையோடு படரும். அதன் வேருக்குச் சாயவேர் என்றே பெயர். கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போன நம் துணிகளின் சிவப்பு அந்த வேரிலிருந்து வந்தது. வேரில் இருந்தது இதே அலிசரின். 1868இல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் இருவரும் அதை ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள், சில வருஷங்களில் வேருக்குச் சந்தை போயிற்று. அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, "துணியில நிக்குற சிவப்பு பேப்பர்ல நிக்காதா?" என்று கேட்டார். துணியில் படிகாரம் போட்டு இழையோடு கட்டிப் பிடித்து வைத்திருக்கிறார்கள், அரக்காகக் கெட்டியாக ஏற்றுகிறார்கள். நாம் தண்ணீர் விட்டு மெல்லிய திரைபோலப் பூசுகிறோம், வெளிச்சம் தின்பதற்கு அதிகம் இல்லை. அப்படித்தான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன். அலிசரினுக்குப் பதில் இப்போது பிவி 19, குவினாக்ரிடோன் ரோஸ். 1950களின் கடைசியில் சந்தைக்கு வந்த, கார் பெயின்ட் பரம்பரையைச் சேர்ந்த சிவப்பு. அதில் அலிசரினின் அந்த இருண்ட அழகு இல்லை. ஆனால் ஜன்னலில் ஐந்து மாதம் நின்றது. துளி தாலோ பச்சை சேர்த்து இருட்டினால் அரக்கு கிடைக்கிறது. அதற்காகவே பிஸ்கட் டப்பாவிலிருந்து ஒரே ஒரு பச்சையை, தனி நிறமியான பிஜி 7ஐ மட்டும், விடுதலை செய்தேன்.

தண்ணீரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு வீடியோக்களில் 'இது உலர இருபது நிமிடம் காத்திருங்கள்' என்பார்கள். மே மாதம் மதுரையில், ஃபேன் ஓடும் அறையில், நான் தூரிகையைக் கழுவித் திரும்புவதற்குள் உலர்ந்திருக்கும். ஃபேனை நிறுத்தினால் வியர்வை காகிதத்தில் சொட்டும். காலை ஆறு மணிக்கு வரைவது ஒன்றுதான் வழி. ரொம்பவும் முடியாத நாளில் தண்ணீரில் இரண்டு சொட்டு கிளிசரின். மழைக்காலத்தில் நேர் எதிர்ப் பிரச்சினை, பேலட்டில் பூஞ்சை பிடிக்கும். வண்ணத்தைக் காகிதத்தில் பிடித்து வைப்பது ஒரு வகை வேலமரத்தின் பிசின், சூடானிலிருந்து அதிகம் வருகிறது, நம்மூர்க் கருவேலத்துக்குப் பங்காளி. பிசின் என்றால் பூஞ்சைக்கு விருந்து. ஒரு சொட்டுக் கிராம்புத் தைலம் விட்டு மூடி வைக்கிறேன். தேன் சேர்த்துச் செய்த வண்ணம் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி ஊற்றி வைத்தேன். ஐப்பசி முழுக்க அது உலரவே இல்லை. ஒரு காலையில் பார்த்தால் மஞ்சள் கட்டத்தைச் சுற்றி எறும்பு வரிசை. அதோடு அந்த உறவு முடிந்தது. காப்பி டம்ளரில் பிரஷ்ஷை விட்டுக் கலக்கும் தவறை எல்லாரும் செய்கிறோம். என் பேலட்டில் நச்சு உலோகமான காட்மியம் சேர்ந்த நிறங்கள் வேண்டாம் என்று வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வெள்ளை டியூபைத் தொடக்கூடாது, காகிதமே வெள்ளை என்று சுத்தக்காரர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஈர வாசலில் போட்ட இழைக்கோலத்தையும், தெருவைக் குறுக்கே வெட்டும் கேபிள் வயரையும் விட்டு விட்டுப் பூச எனக்குப் பொறுமை கிடையாது. அடியில் இருப்பதை மறைக்கும் குவாஷ் வண்ணத்தில் கொஞ்சம் வெள்ளை, மெல்லிய பிரஷ், யாரும் பார்க்காத நேரம்.

இப்போது என் பேலட்டில் எட்டு நிறம் இருக்கிறது. எட்டும் தனி நிறமி. புதிதாகத் தொடங்குபவர்கள் கேட்டால் எட்டுகூட வேண்டாம், ஐந்து வாங்குங்கள், ஆனால் நல்ல தரத்தில் சின்ன டியூபாக வாங்குங்கள் என்பேன். 36 டியூப் பெட்டிக்குக் கொடுக்கும் காசில் அது முடியும், பருத்திக் காகிதத்துக்கும் கொஞ்சம் மிஞ்சும். வாங்கிய அன்றைக்கே ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் கலந்து கட்டம் போட்டுப் பாருங்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் போட்டேன், சுவரில் ஒட்டினேன். சத்தியமாக ஒருநாளும் அதைப் பார்த்து வரைந்ததில்லை. கலக்கும்போது கை கற்றுக்கொண்டது, அதோடு அந்தக் காகிதத்தின் வேலை முடிந்தது.

போன மாதம் ஒத்தக்கடைப் பக்கம் யானைமலையை வரையப் போனேன். அப்பாவும் வண்டியில் ஏறிக்கொண்டார். சாயங்காலம் ஐந்தரை. மலை காலையில் பார்க்கும்போது சாம்பல். அந்நேரத்துக்கு என்னவோ ஒன்றாகியிருந்தது. ரோஸ் தொட்டேன், அதிகமாகிவிட்டது. நீலம் விட்டேன், ஊதாவாகிவிட்டது. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவைக் கேட்டேன்.

"அது என்ன கலருப்பா?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "வெங்காயத்தோல். சின்ன வெங்காயம் இல்ல, பெரிய வெங்காயம். காஞ்ச தோலு."

ரோஸில் ரா சியன்னாவைத் தாராளமாக விட்டேன். அல்ட்ராமெரின் ஒரு நுனி. யானையின் முதுகு நெடுக ஒரே வீச்சில் பூசி, அடிவாரத்தில் ஈரம் இருக்கும்போதே பனைகளின் சாம்பல் பச்சையை விட்டேன். அது மேலே ஏறி மலையின் காலைத் தொட்டு நின்றது. படத்தை அவரிடம் நீட்டினேன். வாங்கி, பழக்க தோஷத்தில் எழுந்து, புளியமர நிழலை விட்டு வெளியே வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். இரண்டு கையாலும் முந்தானையைப் பிடிப்பது போல விரித்துப் பிடித்துக்கொண்டு மலையையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னப்பா?"

"ஈரத்துல எல்லாத் துணியும் ஒரு ஷேடு கூடத்தாம்மா தெரியும். காயட்டும், அப்புறம் சொல்றேன்."